நோகாத வீக்கம்

உடுவில்,
20.01.2024

தம்பி ஜெயசுதனுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு வந்த என் தங்கச்சி உதயகலா இப்போதைக்குக் கொடிகாமத்துக்குத் திரும்பமாட்டாள். அவளைக் கூட்டிப்போக நீர் வரவேண்டாம். அவளுடைய போன் என் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. உம்முடைய நம்பரை என் போனில் தடுத்துவிட்டேன். சொல்ல ஏதும் இருந்தால் கடிதத்தில் எழுதும். வாயால் சொன்னதைப் பிறகு சொல்லவில்லை என்று மாற்றலாம், கைப்பட எழுதினதை மாற்ற முடியாது.

பொங்கலன்று படலையைத் திறந்துகொண்டு வந்தவளை நான் ஆரென்று மட்டுக்கட்டவில்லை. சால்வையால் வாயை மூடியிருந்தாள். இழுத்துப் பார்த்தேன். மூக்கின் இடப்பக்கம் புடைத்து, மேலுதடு தடித்து, கன்னம் வரைக்கும் வீக்கம். "என்னடி உது?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அக்கா. தானா வந்தது. நோகுதில்லை" என்றாள்.

தானாக வந்ததாம். நோகுதில்லையாம். தம்பி, இந்த வசனங்களை எனக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மனுஷன் உயிரோடிருந்த காலத்தில் எங்கள் வீட்டு மாடு என்னைப் பதினொரு வருஷம் இடித்தது. கண் வீங்கினால் மாடு, கை முறிந்தால் மாடு. மாட்டை விற்ற பிறகும் சில காலம் மாடு இடித்தது. கேட்ட சனமெல்லாம் "உந்தப் பொல்லாத மாடு" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டது.

நீர் சந்தை முடிந்து லொறிக்காரரோடு நின்று குடிக்கிற ஆள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கலா உம்மைப் பற்றி ஒரு குறை சொல்கிறாள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். கட்டினவனில் ஒரு குறையும் சொல்லாத பெண்சாதி எந்த ஊரில் இருக்கிறாள்?

ஒளிக்காமல் எழுதும். அடித்தீரா, இல்லையா?

செல்வநாயகி


கொடிகாமம்,
26.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் சந்தைக்குள் வைத்துத் தந்தார். கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று பிரித்தேன். வாசித்து முடித்தபோது என் முகத்தைப் பார்த்த ஒருவர், "ஆர் மோசம் போனது? செத்தவீடோ?" என்று கேட்டார்.

கேட்டதற்குப் பதில் இதுதான். நான் கலாவில் ஒருநாளும் கை நீட்டியதில்லை. பதினாலு வருஷக் குடித்தனத்தில் ஒருநாளும் இல்லை. கொரோனா ஊரடங்கில் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்தபோது, பொலிசு மறிக்க மறிக்க மோட்டார்சைக்கிளில் இருத்திப் பல் வைத்தியரைத் தேடி அலைந்தவன் நான். "என்ரை தங்கச்சிக்கு நல்ல மனுசன் வாய்ச்சிருக்கு" என்று நீங்களே போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னீர்கள். அந்த மனுஷனைத்தான் இப்போது கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

வீக்கத்தின் கதையைச் சொல்கிறேன். கார்த்திகை மழையோடு அவளுக்கு மூக்கடைத்தது. இங்கே ஒரு டொக்டர் பீனிசம் என்று குளிசை தந்தார். மார்கழியில் மூக்குக்குள் கடலையளவில் ஒரு கட்டி. பிறகு மூக்குத் தடித்தது, உதடு தடித்தது. காய்ச்சல் இல்லை. நானே விரலால் அமத்திப் பார்த்தேன், நோகுதில்லை என்றுதான் என்னிடமும் சொன்னாள். பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "தைப் பயிருக்குப் பசளை கேட்டு ஆக்கள் நிக்கினம், பொங்கல் முடியட்டும்" என்றாள்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுப் பசளை நின்றுபோன வருஷம் தொடங்கினோம். சந்தையில் அழுகிற மரக்கறி, பூவரசங்குழை, சாணி எல்லாவற்றையும் அடுக்கி மக்கவைத்துக் கூட்டெரு ஆக்குகிறோம். எது மக்கிவிட்டது, எது இன்னும் மக்கவில்லை என்று எனக்குக் கையால் அளைந்தாலும் தெரியாது. கலா ஒரு பிடி அள்ளி மூக்கோடு வைத்து இழுத்தாள் என்றால் சொல்லிவிடுவாள். "கலாக்கா மணந்து பாத்ததோ?" என்று கேட்டுத்தான் சனம் வாங்கும். பிள்ளையில்லாத வீட்டில் அவளுடைய மூக்கை வைத்துத்தான் நான் பெருமையடிப்பேன். மணம் பிடிபடவில்லை என்று மார்கழியில் ஒருநாள் குவியலடியில் இருந்து அழுதாள். வீக்கம் நோகவில்லை அக்கா, அதுதான் அவளுக்கு நொந்தது.

அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நான் வரக்கூடாதென்றால் வரவில்லை.

இன்னும் ஒன்று, கோபிக்கவேண்டாம். அவளுடைய போனை ஏன் பூட்டினீர்கள்? அவள் வாய் திறந்தால் உங்கள் கதை பிழைத்துவிடும் என்றா?

ஜெயசுதன்


உடுவில்,
12.02.2024

தம்பி ஜெயசுதனுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறீர். இரண்டுதரம் வாசித்தேன், இரண்டுதரமும் பாதிதான் நம்பினேன்.

அடித்த வீக்கம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பச்சையாகும், மஞ்சளாகும், ஒரு கிழமை பத்துநாளில் தடமில்லாமல் வற்றும். நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமில்லை இது. கலா இங்கே வந்து ஒரு மாதமாகிறது. மஞ்சள் அரைத்துப் பத்துப் போடுகிறேன், நொச்சி அவித்து வேது பிடிக்கிறேன். வீக்கம் வற்றவில்லை. நிறமும் மாறவில்லை. பெருத்துக்கொண்டு போகிறது.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஆரோ இங்கே வந்து அடிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சிரிக்காதேயும். போன வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்வந்து குசினிக்குள் பார்த்தால் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. உடுவிலில் பனங்கிழங்குக்குப் பஞ்சமில்லைத்தான். ஆனால் அதைக் கட்டியிருந்தது பச்சை நைலோன் நூலால். உம்முடைய பசளை மூட்டையெல்லாம் அந்த நூலால்தான் தைத்து வரும். "ஆர் தந்தது?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுக் கோபிகா" என்றாள். நான் வேலியால் எட்டிக் கோபிகாவைக் கேட்டேன். "நான் குடுக்கேல்லையே மாமி" என்று அவள் முழிக்கிறாள். என் தங்கச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். உம்மோடு குடித்தனம் செய்து அதையும் பழகிவிட்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் பார்க்கிறேன், கண்ணுக்குக் கீழேயும் தடிப்பு. நீர் வந்த நாளில்தான் அது எனக்குத் தெரிந்தது. இதற்கு மேலும் நான் என்ன நினைக்க?

பொலிசில் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கிற இணக்கசபைக்கு அனுப்புவார்களாம். அதுவரைக்கும் நீர் இந்தப் பக்கம் வரவோ போன் எடுக்கவோ கூடாதென்று அவர்கள் உமக்கும் அறிவிப்பார்கள். படலைக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

செல்வநாயகி


கொடிகாமம்,
19.02.2024

அக்காவுக்கு,

ஓம், வந்தேன். களவாகத்தான் வந்தேன். என் பெண்சாதியைப் பார்க்க நான் களவாக வரவேண்டிய காலம்.

பின்வேலிக்கு வெளியே நின்றேன், அவள் உள்ளே நின்றாள். ஓலைக்கிடுகு பிரிந்த இடத்தால் கிழங்குக் கட்டைக் கொடுத்தேன். அவளைத் தொடக்கூட இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த தடிப்பை நானும் அப்போதுதான் கண்டேன். கதைக்கும்போது சத்தமெல்லாம் மூக்குக்குள் நின்றது. என்னைக் கண்டு சிரித்தாள், உதடு இழுபடவில்லை. "வடிவு போயிட்டுதோ?" என்று கேட்டாள்.

இங்கே சந்தையில் ஆட்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெருவியாதி என்கிறார்கள் சிலர். புற்றுநோய் என்கிறார்கள் சிலர். எங்களிடம் பசளை வாங்கிய ஒருவர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து படலையில் வைத்துவிட்டுப் போகிறார். என் தலைக்குள் என்ன ஓடுகிறதென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மஞ்சள் அரைத்துப் பூசுகிறீர்கள்.

உங்களுக்கு என்னில் சந்தேகம் வரலாமென்றால் எனக்கும் உங்களில் வரும். சந்தேகம் உங்கள் வீட்டுச் சீதனமில்லை. உங்கள் மனுஷன் போய் ஆறு வருஷம். அந்தப் பெரிய வீட்டில் தனியே இருக்கிறீர்கள். முகம் கெட்டுப்போனால் இவளை ஒருவனும் வந்து கேட்கமாட்டான், நமக்குத் துணையாகக் கிடப்பாள் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்கிறீர்களோ? எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இரவுபகலாக இதைத்தான் யோசிக்கிறேன்.

சரி, நான் அடித்தவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னை மறியலில் அடைக்க உங்களுக்கு டொக்டரின் எழுத்து வேண்டுமே. அதை எடுக்கவாவது அவளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் கோபம் என்னோடு இருக்கட்டும், வைத்தியம் அவளுக்கு நடக்கட்டும்.

ஜெயசுதன்


உடுவில்,
08.03.2024

தம்பி ஜெயசுதனுக்கு,

துணை வேண்டுமென்றால் நான் ஒரு நாய் வளர்த்திருப்பேன். நன்றியாவது இருந்திருக்கும். அந்த வசனத்தை நான் மறக்கப்போவதில்லை, இதை நீர் எழுத்தில் வைத்துக்கொள்ளும்.

டொக்டரின் எழுத்து எடுக்கத்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அதையும் ஒளிக்கவில்லை. மூக்கு, காது பார்க்கிற பெரிய டொக்டர், வயதில் சின்னவர். "ஐயா, இவள் புருசன் அடிச்ச கேஸ். அடிச்ச காயம் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ" என்றேன். அவர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கலாவோடு தனியே கதைத்தார். தனியே என்ன கதை? கதவடியில் நின்று பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கூப்பிட்டார். வீக்கத்தை அமத்திக் காட்டினார். மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிறது, அமத்தக் கலா கண் சிமிட்டவுமில்லை. "அம்மா, உது அடி இல்லை" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். சாவகச்சேரியாம், உம்முடைய கொடிகாமத்துக்குப் பக்கத்து ஊர். எனக்கு விளங்கிவிட்டது. தென்மராட்சியான் தென்மராட்சியானைக் காட்டிக்கொடுப்பானா?

உதட்டின் உட்பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரக் கிழமைக்கணக்காகுமாம். வரட்டும். அது எந்த ஊர் என்று நான் கேட்கத் தேவையில்லாத முடிவாக இருக்கட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்த மனுஷி கலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்ப் பின்னால் நின்றாள். கலா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அந்த நேரம் உம்மில் இருந்த ஆத்திரம் கொஞ்சம் மறந்துபோனது, பயம்தான் இருந்தது.

செல்வநாயகி


கொடிகாமம்,
15.03.2024

அக்காவுக்கு,

அடி இல்லை என்று டொக்டரே சொல்லிவிட்டார். அவருக்கு ஊர் கேட்டீர்களாம். வாசிக்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இணக்கசபைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தபால்காரர் சந்தைக்குள் வைத்து எல்லாரும் பார்க்கத் தந்தார். பெண்சாதிக்கு அடித்தவன் என்ற பட்டத்தோடு நான் இங்கே நடமாடுகிறேன். லொறிக்காரர்கூட முன்னைப்போலக் கதைக்கிறார்கள் இல்லை.

ஆகவே சோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒன்று செய்து தாருங்கள். 'ஜெயசுதன் என் தங்கச்சியில் ஒருநாளும் கை நீட்டியதில்லை, நான்தான் பிழையாக நினைத்துவிட்டேன்' என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். பொலிசுக்கும் சபைக்கும் காட்டவேண்டும். வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும் என்று பழக்கினது நீங்கள்தானே.

கலா சாப்பிடுகிறாளா? நித்திரை கொள்ள முடிகிறதா? அதை எழுத மறக்காதீர்கள்.

ஜெயசுதன்


உடுவில்,
02.04.2024

தம்பி ஜெயசுதனுக்கு,

முடிவு வந்துவிட்டது. முதலில் நல்லதைச் சொல்கிறேன். புற்றுநோயில்லை. பெருவியாதியுமில்லை. மற்ற ஆட்களுக்குத் தொற்றாது. ஒரு வகைப் பூஞ்சணமாம். மண்ணிலும் அழுகிற இலைகுழையிலும் இருக்கிற சாமான், மூக்குக்குள் போய்த் தசைக்குள் வளர்ந்திருக்கிறது. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராதாம், வந்தால் இப்படித்தானாம், நோவில்லாமல் மெல்ல மெல்ல முகத்தைப் பிடிக்குமாம். "நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று டொக்டர் கேட்க, கலா குவியல்குவியலாகப் பசளையை மணந்து பார்க்கிற கதையைச் சொன்னாள். அவர் எழுதுகிறதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிச்சயமாச் சொல்லேலாது. ஆனா அதாலை வந்திருக்கலாம்" என்றார்.

மருந்து தந்திருக்கிறார்கள். குளிசையும், பாலில் துளித்துளியாக விட்டுக் குடிக்கிற அயடீன் மருந்தும். வாயெல்லாம் இரும்பைச் சப்பினமாதிரி இருக்கிறதாம். மாதக்கணக்காகக் குடிக்கவேண்டும். இனி அந்தக் குவியல் பக்கம் அவள் போகக்கூடாது. சாப்பிடுகிறாள். தலையணை இரண்டு வைத்து நித்திரை கொள்கிறாள்.

ஆகவே நீர் அடிக்கவில்லை. நான் பிழை. அந்தச் சாவகச்சேரிப் பிள்ளையிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்தார்.

நீர் கேட்ட கடிதத்தை நேற்று எழுத இருந்தேன். மனமில்லாமல்தான், ஆனாலும் நியாயம் நியாயம்தானே. 'என் தங்கச்சியின் கணவர் ஜெயசுதன் ஒருநாளும் அவளில் கை நீட்டியதில்லை' என்று எழுதிவிட்டு, வசனம் சரியோ என்று கலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மருந்துப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்த 'ஒருநாளும்' எண்டதை வெட்டுங்கோ" என்றாள்.

"ஏன்?"

"இந்த வீக்கத்துக்கு அவர் அடிக்கேல்லை. அதை வடிவா எழுதுங்கோ. ஆனா பல்லு கிணத்தடியிலை வழுக்கி உடையேல்லை."

நான் பேனையை வைத்துவிட்டேன். "அப்ப ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"கிணறு எண்டு பொய் சொன்னன். உடனை நம்பினியள், கோழி அடிச்சுச் சமைச்சுக் கொண்டு வந்து அவருக்குப் பரிமாறினியள். இப்ப தானா வந்தது, நோகுதில்லை எண்டு உண்மையைச் சொல்லுறன். போனைப் பூட்டுறியள், படலையைப் பூட்டுறியள். நான் என்னத்தைச் சொன்னா நீங்கள் நம்புவியள் எண்டு எனக்கு விளங்கேல்லை அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். பாலைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவப் போனாள்.

தம்பி, பதினொரு வருஷம் மாடு இடித்தவள் நான். எனக்குக் கிணறு தெரியாமல் போனதே! நல்ல மாப்பிள்ளையாக எடுத்துக் கொடுத்தேன் என்று அந்த நேரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமையை விட எனக்கு மனம் வரவில்லை, அதனால் அவளுடைய வாயைப் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இப்போது நான் பார்த்த பார்வையை அப்போது பார்த்திருக்கவேண்டும்.

போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். படலைப் பூட்டையும் எடுத்துவிட்டேன். உம்முடைய தை மாதக் கடிதத்தை அவள் கேட்டாள், அதையும் கொடுத்தேன். 'ஒருநாளும் கை நீட்டியதில்லை' என்ற அந்த வரியில் விரலை வைத்தாள். போன் கையில் இருக்க உமக்கு எடுக்கவில்லை. "உந்த வரியை மாத்தி எழுதி அனுப்பட்டும். அதுக்குப் பிறகு போறதோ நிக்கிறதோ எண்டு நான் யோசிக்கிறன்" என்றாள். நான் போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை.

செல்வநாயகி


கொடிகாமம்,
09.04.2024

அக்காவுக்கு,

அடித்தேன்.

ஊரடங்கில் சந்தை பூட்டி, ஏற்றின மரக்கறி எல்லாம் லொறியோடு அழுகின நாள். குடித்திருந்தேன். அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் குடிக்க வழி கிடைக்குதே உங்களுக்கு" என்றாள். புறங்கையால் அறைந்தேன். கிணற்றுக் கட்டில் வாய் அடிபட விழுந்தாள். பல் அந்தக் கிணற்றுக் கட்டில் பட்டுத்தான் உடைந்தது. அதை வைத்துக்கொண்டு கிணற்றடி என்பது பொய்யில்லை என்று நான் எனக்கே நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கோழிக்கறி கொண்டுவந்து என்னை மெச்சியபோது தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். தை மாதம் உங்களுக்குக் கோபமாக எழுதும்போது அந்தப் பல்லையே எடுத்து எனக்குச் சாட்சியாக வைத்தேன். அது எவ்வளவு பெரிய கேவலம் என்று உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் உறைத்தது.

அந்த ஒரு தரம்தான். ஆனால் ஒரு தரம்தான் என்று நான் சொன்னால் அது எண்ணிக்கை, அவளுக்கு அது அப்படியிராது.

இணக்கசபைக்குப் போவேன். நீங்கள் ஒன்றும் எழுதித்தர வேண்டாம். கேட்டால் இதையே சொல்வேன்.

குவியல்களை ஆட்களை வைத்து அள்ளித் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். டொக்டர் நிச்சயமாகச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு நிச்சயம்தான். ஒவ்வொரு குவியலடியிலும் "கலா, ஒருக்கா மணந்து பாரும்" என்று அவளைக் கூப்பிட்டவன் நான். ஆசையாகத்தான் கூப்பிட்டேன்.

இதை அவளிடம் கொடுங்கள். அவள் சொல்லாமல் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

அன்றைக்குப் பல் வைத்தியரைத் தேடிக்கொண்டு போகும்போது மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து அவள் சொன்னது இந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. வாய் நிறைய இரத்தம். துவாயால் அமத்திப் பிடித்திருந்தாள். நான் பயத்தில் வேகமாக ஓட்டினேன். "மெல்லப் போங்கோ, நோகுதில்லை" என்றாள். நான் நம்பினேன்.

ஜெயசுதன்